மரக்கட்டை, டூப்ளோ, மேக்னெட் டைல்: ஆறு வயதுவரை எது நின்று உழைக்கிறது?

கட்டி விளையாடும் பொம்மை எதுவும் முதல் வாரத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஒன்றரை வயதில் கொடுத்தது நான்கு வயதிலும் தரையில் இறைந்து கிடக்கிறதா, பரணுக்குப் போய்விட்டதா என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் முதலிடம் வண்ணம்கூடப் பூசாத மரக்கட்டைக்கு. பார்க்க மொட்டையாக இருக்கும். அதனாலேயே அது ஒருநாள் ரயிலாகவும் மறுநாள் ரொட்டியாகவும் மாற முடிகிறது.

மரக்கட்டையில் கவனிக்க வேண்டியது அளவு. அமெரிக்கக் கல்வியாளர் கரோலின் பிராட் வடிவமைத்து, பாலர் பள்ளிகளில் இன்றும் புழங்கும் 'யூனிட்' கட்டை ஏறத்தாழ 14 × 7 × 3.5 செ.மீ. கனத்தைப்போல் இரு மடங்கு அகலம், அகலத்தைப்போல் இரு மடங்கு நீளம். பாதிக்கட்டை இரண்டைச் சேர்த்தால் ஒரு முழுக்கட்டை. நீளக்கட்டை தீர்ந்துபோனால் குழந்தை இரண்டு குட்டையை வைத்துச் சமாளிக்கும். எண்ணிக்கையே சரியாக வராத வயதில் பாதி, முழு என்ற கணக்கு கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அளவு பிசகிய செட்டில் இது நடக்காது. கட்டைக்கு ஒரு மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஐந்து அடுக்கில் ஐந்து மி.மீ.; தூண்கள் ஏறுக்குமாறாகி மேலே வைக்கும் கட்டை சாயும். குழந்தையோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம்: ஒரு முழுக்கட்டையின் பக்கத்தில் இரண்டு பாதிகளை ஒட்டி வைத்து, முனையில் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் அந்த செட் வேண்டாம்.

எத்தனை வேண்டும்? இரண்டு வயதுக்கு 40 போதும், நான்கு வயதில் 100 இருந்தாலும் பற்றாது. 20 வடிவங்களில் 60 கட்டை என்று விற்கும் பெட்டியைவிட, 24 முழுக்கட்டை, 16 பாதி, 12 இரட்டை நீளம், மீதி 8 முக்கோணமும் உருளையும் என்ற கலவையே நெடுநாள் ஓடும். ஒரே வடிவம் நிறைய இல்லாவிட்டால் சுவர் எழும்பாது.

சுமார் 15 மாதத்தில் இரண்டு கட்டை, ஒன்றரை வயதில் மூன்று நான்கு, இரண்டு வயதில் ஆறு, மூன்று வயதில் ஒன்பது என்று கோபுரம் உயரும். இந்தக் கணக்கு 2.5 செ.மீ. சிறு கனசதுரங்களை வைத்து மருத்துவர்கள் பார்ப்பது. வீட்டில் தினமும் பரீட்சை வைக்க வேண்டியதில்லை.

கோபுரத்தைவிடப் பார்க்கத் தகுந்தது பாலம். இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே மூன்றாவதைக் குறுக்கே வைப்பது. மூன்று வயதை ஒட்டி வரும். முதலில் தூண்கள் தள்ளி நிற்கும், மேல்கட்டை நடுவில் விழும். குழந்தை அதையே எடுத்து அழுத்தி வைக்கும். மறுபடி விழும். வேறு கட்டையைத் தேடும். பல நாள் கழித்துத்தான் தூணை நகர்த்தத் தோன்றும். தப்பு விழுந்த கட்டையில் இல்லை, நிற்கிற கட்டையில் இருக்கிறது என்று பிடிபடும் நேரம் அது. பெரும்பாலான பெரியவர்கள் இந்த இடத்தில்தான் கையை நீட்டித் தூணை நகர்த்திக் கொடுத்துக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு வாயை மட்டும் திறக்கலாம்: "நடுவுல இடம் பெரிசா இருக்கே", "இது அதைவிடக் குட்டை". ஒவ்வொரு கட்டைக்கும் "சூப்பர்" என்று சொல்வதைவிட மேலே, அடியில், குறுக்கே, ஓரமாக போன்ற சொற்கள் காதில் விழுவது எவ்வளவோ மேல்.

இனி டூப்ளோ, அதாவது லெகோ நிறுவனம் சிறு குழந்தைகளுக்காகச் செய்யும் பெரிய பிளாஸ்டிக் கட்டை. ஒன்றரை வயதிலிருந்து கொடுக்கலாம். சாதாரண லெகோவைப்போல் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கு. லெகோவோடு பொருந்தவும் செய்யும் என்பதால், ஆறு வயதில் அஸ்திவாரமாகவாவது பயன்படும். மாட்டுவது சீக்கிரம் வந்துவிடும், பிரிப்பதுதான் பாடு. நேராக இழுக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்தால் கழன்றுவிடும் என்று ஒருமுறை காட்டினால் போதும். போலிக் கட்டைகளில் இறுக்கம் ஒரே சீராக இருக்காது. ஒன்று பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருக்கும், இல்லையேல் தூக்கியதும் உதிரும். 40 டிகிரிக்கு மேல் சூடான நீரில் கழுவினால் உருக்குலையும், பிடிப்பும் போகும். ஒரே ஒரு வீடு மட்டும் கட்டக்கூடிய செட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. பெட்டியில் உள்ள படத்தைக் கட்டி முடித்ததும் ஆர்வம் வடிந்துவிடும்.

மேக்னெட் டைல் என்பது ஓரங்களில் காந்தம் பொதிந்த பிளாஸ்டிக் தகடு. அதன் பலம் தட்டையிலிருந்து கனவடிவத்துக்குப் போவது. ஆறு சதுரங்களைச் சிலுவை வடிவில் தரையில் பரப்பி மடக்கினால் பெட்டி. ஒரு சதுரத்தைச் சுற்றி நான்கு முக்கோணங்களை வைத்து மடக்கினால் பிரமிடு. வேறு எந்தப் பொம்மையும் இதை இவ்வளவு எளிதில் காட்டாது. குறை, காந்தமே பிடித்துக்கொள்வதால் எடை எங்கே இறங்குகிறது என்பது கைக்குத் தெரியாது. எனவே மரக்கட்டையோடு சேர்த்து வைக்கலாம், அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. மூன்று வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சத்தில் பிடித்து மூலைகளில் கீறல் இருக்கிறதா பாருங்கள். விரிசல் விட்டதை ஒட்டவைக்காமல் எறிந்துவிட வேண்டும். வெளியே வந்த காந்தங்கள் இரண்டை விழுங்கினால், குடல் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே, வலி இருக்கிறதோ இல்லையோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இடமும் முக்கியம். தடித்த கம்பளத்தில் ஐந்தாவது கட்டையிலேயே கோபுரம் ஆடும். வழவழப்பான வெறுந்தரையில் விழும் சத்தத்துக்கே குழந்தை மிரளும். மெல்லிய, கெட்டியான பாய் இரண்டுக்கும் நடுவழி. முழுக்கட்டை ஒன்று கால் கிலோவை நெருங்கும், ஆகவே கோபுரம் குழந்தையின் தோளைத் தாண்டாமல் இருக்கட்டும். பக்கெட்டில் கொட்டி வைத்தால் அடியில் இருப்பது வெளியே வராது. தாழ்வான திறந்த தட்டில் வடிவம் வாரியாக அடுக்கினால், எடுத்துவைக்கும் நேரமும் விளையாட்டாகிவிடும்.

மரக்கட்டையை நீரில் ஊறவைக்கக் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்தால் போதும். சிலும்பு எழுந்தால் 220 எண் உப்புத்தாளால், மர வரி போகும் திசையிலேயே தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். முனை மழுங்கிய கட்டையை ஒதுக்க வேண்டாம், அதுவும் நன்றாகவே நிற்கும்.