லண்டன் கால்வாய் அருங்காட்சியகம்: லோடு ஏற்றத் தெரிந்தவன் பார்வையில்

சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டியவன் நான். லண்டனில் மகள் வீட்டுக்குப் போனால் அரண்மனை, மெழுகுச் சிலை என்று கூட்டிப் போவார்கள். எனக்கு நிறைந்தது கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இந்தக் கால்வாய் அருங்காட்சியகம்தான். 1992-இல் திறந்தது. சின்ன இடம்.

கட்டடமே ஒரு பழைய கிடங்கு. கார்லோ காட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரர், ஐஸ்கிரீம் வியாபாரி, 1860-களில் பனிக்கட்டி வைக்கக் கட்டியது. தரைத்தளத்தில் எட்டிப் பார்த்தால் கீழே செங்கல் கிணறு, சுமார் பத்து மீட்டர் அகலம். நார்வே ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி கப்பலில் தேம்ஸ் கரையிலுள்ள லைம்ஹவுஸ் துறைக்கு வந்து, படகுக்கு மாறி, ரீஜன்ட்ஸ் கால்வாய் வழியாக இங்கே இறங்கியிருக்கிறது. வழியெல்லாம் உருகும் சரக்கு! அந்தச் சேதாரம் போகவும் லாபம் பார்த்த மனிதர் சாமானியர் அல்ல. சென்னை ஐஸ் ஹவுஸும் இதே தொழில்தான். 1842-இல் அதைக் கட்டிய டியூடர் என்ற வியாபாரி அமெரிக்காவிலிருந்து அல்லவா கொண்டுவந்தார்.

அடுத்து பழைய சரக்குப் படகின் கேபின். அதற்குள் போய் உட்காராமல் வராதீர்கள். மத்திய இங்கிலாந்துக் கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் குறுகிய மதகு அறைகளில் நுழைய வேண்டுமே என்று படகின் அகலமே ஏழடி. நீளத்தை எல்லாம் சரக்குக்குக் கொடுத்துவிட்டு, வால் பக்கம் மிஞ்சிய பொந்தில் ஒரு குடும்பம். அலமாரிக் கதவைக் கீழே சாய்த்தால் சாப்பாட்டு மேசை. குறுக்கே பலகையை இறக்கினால் கட்டில். வாசலருகே கரி அடுப்பு. நம் டிரைவர்களாவது மாதத்தில் சில நாள் வீட்டில் படுப்பார்கள். இவர்களுக்கு இதுதான் வீடு. அதிலும் தண்ணீர்க் குடத்தில் ரோஜாவும் கோட்டையும் வரைந்து வைத்த அழகு!

கரையில் நடந்தபடி ஒரு குதிரை இழுத்த படகின் சுமை இருபத்தைந்து டன் வரை. சாலை வண்டியில் அதே குதிரை ஓரிரு டன்னுக்கே திணறும். கால்வாய் வெட்டப் பணம் கொட்டியது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். அந்தக் கிடங்கின் மேல்மாடியே குதிரை லாயமாக இருந்திருக்கிறது; சாய்தளம் வழியே மேலே ஏறுமாம். அங்கே தகவல் பலகைகள் அதிகம், நான் பாதியோடு விட்டுவிட்டேன்.

இதே கால்வாயில் உள்ள இஸ்லிங்டன் சுரங்கத்துக்குள் படகுப் பயணம் சில நாட்களில் மட்டும் உண்டு, தேதி பார்த்துப் போங்கள். 878 மீட்டர். உள்ளே குதிரைக்குப் பாதை கிடையாது. குதிரையை மேட்டுக்கு மேலே நடத்திவிட்டு, ஆட்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகை நகர்த்துவார்களாம். பிறகுதான் நீராவி இழுவைப்படகு வந்தது.

அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். மீதிப் பொழுதுக்குக் கரையோரமாக மேற்கே நடந்தால், நிலக்கரி வாயு சேமித்த பழைய இரும்புக் கூடுகள் வரும். இப்போது அவற்றுக்குள் அடுக்குமாடி வீடுகள். வாடகை கேட்காதீர்கள்.