பால் மறக்கடிக்கும் முன் ஒருமுறை போய்வரலாம்: ஒரு தாய்ப்பால் ஆலோசகரைப் பற்றி

என் மகளுக்கு இருபது மாதம் ஆகிறது, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். தொடர்வதா, மறக்கடிப்பதா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னதால் தஞ்சாவூரில் தனியாக ஆலோசனை தரும் ஒரு தாய்ப்பால் ஆலோசகரிடம் போனேன். கட்டணம் 600 ரூபாய். ஏறக்குறைய ஒரு மணி நேரம் நமக்கென்றே ஒதுக்குகிறார். பச்சிளம் குழந்தைக்காரர்கள்தான் இப்படிப்பட்டவரிடம் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரசவம் ஆன புதிதில் சொல்லித்தர நர்ஸ் இருக்கிறார், அம்மா இருக்கிறார். ஒரு வயது தாண்டிவிட்டால் "இன்னுமா கொடுக்கிறாய்?" என்று கேட்கத்தான் ஆள் இருக்கிறது.

"எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்கவே இல்லை. "எந்த வேளைப் பால் உங்களுக்குப் பாரமாக இருக்கிறது?" என்றுதான் ஆரம்பித்தார். எனக்கு உடனே பதில் வந்தது: நடு இரவில் கொடுப்பது. காலையில் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறவள் நான். மாலையில் வீடு திரும்பியதும் மகள் ஓடிவந்து மடியில் ஏறுவது எனக்கும் வேண்டியிருக்கிறது.

பிறகு பாயில் உட்காரவைத்து அங்கேயே பால் கொடுக்கச் சொன்னார். மகள் வழக்கம்போல் என் தாலிச்சரடை விரலில் சுற்றிக்கொண்டு குடித்தாள். அவர் அவள் தாடையையே கவனித்துக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் தாடை நன்றாக இறங்கி, விழுங்கும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் உதடு மட்டும் லேசாகத் துடித்தது. "இதுவரை பசிக்குக் குடித்தாள், இனிமேல் தூக்கத்துக்குச் சப்புகிறாள். ராத்திரி எழுந்து கேட்பதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்" என்றார். இவ்வளவு மாதம் பால் கொடுத்தும் எனக்கு யாரும் இதைக் காட்டித்தந்ததில்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு வயதுக்குமேல் எதுவரை என்று அது கெடு வைக்கவில்லை. இரண்டாவது வயதிலும் குழந்தைக்குத் தேவையான சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை தாய்ப்பாலிலிருந்து கிடைக்கலாம். ஒரு வயதுக்குமேல் அது வெறும் தண்ணீர்தான் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும். அதேசமயம் தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லி, முட்டை, கீரை, பருப்பு எவ்வளவு உள்ளே போகிறது என்று துருவித் துருவிக் கேட்டார். பல்லை இரவில் துலக்கிவிடுகிறோமா என்றும் கேட்டார்.

மார்பில் வேப்பெண்ணெய் தடவி மறக்கடிக்கலாம் என்று அத்தை சொன்ன யோசனையை அவர் மட்டம்தட்டவில்லை. "தடவினால் பிள்ளை மறந்துவிடும், மார்பு அவ்வளவு சீக்கிரம் மறக்காது" என்றார். திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரலாம். அதனால் ஒரு வேளையைக் குறைத்து, உடம்பு அதற்குப் பழகிய பிறகே அடுத்த வேளையில் கை வைக்க வேண்டும். பகலில் அவளாகக் கேட்டால் மறுக்க வேண்டாம், கேட்காதபோது நானாகக் கொடுக்கவும் வேண்டாம். இரவில் எழுந்தால் முதலில் என் கணவர் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறோம். சில இரவுகளில் அப்பாவின் தோளிலேயே தூங்கிவிடுகிறாள், சில இரவுகளில் ஊரையே எழுப்புகிறாள். மாலைப் பாலை அவளுக்கும் எனக்கும் வேண்டியவரை தொடர்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. அறை மாடியில் இருக்கிறது. குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு செங்குத்தான படி ஏற வேண்டும். பிறகு கேட்கும் சந்தேகங்களுக்கு வாட்ஸ்அப்பில் பதில் வர மறுநாள் ஆகிவிடுகிறது. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறபோது அதுவரை காத்திருக்க முடியாது, நேராக டாக்டரிடம் போய்விடுவதே நல்லது. எல்லாவற்றையும்விட, கையில் கொடுக்கும் அச்சுத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பது எனக்கு வருத்தம். பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அத்தைதான். நாளிதழை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அவருக்காக நான் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆலோசகரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். இரவில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டப்போகிறவர் யாரோ, அவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.