கொடியேறினால் கொப்பியை என்ன செய்வது?

பிள்ளைகளின் பள்ளி வீட்டுவேலையை என்ன செய்வது என்று தைப்பொங்கலுக்கு யாரும் மண்டையைப் போட்டு உடைப்பதில்லை. விடிய முற்றத்தில் கோலம், பானை, இரண்டு வெடி. அதோடு சரி. ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். சரஸ்வதி பூசை இன்னும் வசதி: புத்தகத்தைக் கும்பத்தடியில் வைத்த பிறகு "படி" என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. சிக்கல் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவில்தான். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை 25 நாள். அத்தனை நாளுக்கு வீட்டுவேலையை நிறுத்த முடியுமா? எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் வருசா வருசம் இதே வாக்குவாதம்.

கொடியேறின அன்றே கொப்பியை மூடுகிற வீடு ஒன்று உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் வந்திறங்குவது ஓகஸ்டில்தான். முன்பின் பார்த்திராத மச்சான் மச்சாளோடு வீதி மணலில் இருந்து கச்சான் உடைப்பதை விட்டுவிட்டு யார் பின்னக்கணக்குச் செய்வார்கள்? ஆனால் தவணை விடுமுறை 25 நாளுக்கும் வராதே. மிச்ச நாள்களில் பிள்ளை வெறுங்கொப்பியோடு வகுப்பில் எழும்பி நிற்கும். தீர்த்தம் முடிந்த கிழமை அந்த வீட்டுப் பக்கம் போனால் அழுகைச் சத்தம் கேட்கும். சில நேரம் தாயினுடையது.

இதற்கு நேர் எதிர், "தேருக்கு மட்டும் போவம்" என்கிற வீடு. பயம் பொய்யில்லை. 2025இல் ஜூலை 29 கொடியேறியது; ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை ஓகஸ்ட் 10, அதாவது பதின்மூன்றாம் திருவிழா அன்று. அந்த வருசம் எங்கள் மகனும் எழுதினான், நானும் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். பலன்? தூரத்தில் தவில் கேட்கும், இவன் மேசையில் இருப்பான், பேனை அசையாது. பரீட்சைக்குச் சில நாள் முன்னிருந்து ரியூசனுக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் பரீட்சைத் திணைக்களமே தடை போட்டுவிடும். அந்தத் துணிவில், சுவாமி மஞ்சத்தில் வருகிற பத்தாம் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். வந்து படுத்தவன் விடியும் வரை அசையவில்லை; அந்த மாதத்தில் அவன் நிம்மதியாக நித்திரை கொண்ட இரவு அது.

இன்னொன்று. ஒரே ஒரு நாள்தான் என்றால் சின்னப் பிள்ளைக்குத் தேர் நாள் உதவாது. அந்தச் சனத்துக்குள் அது காண்பது பெரியாக்களின் முதுகைத்தான். நடுவில் வருகிற சாதாரண திருவிழா ஒன்றுக்குப் போனால் சுவாமியையும் காணலாம், மணலிலும் விளையாடலாம்.

மூன்றாவது, விடிய எழுப்புகிற வீடு. ஐந்து மணிக்குத் தேத்தண்ணியோடு கணக்கு, பின்னேரம் கோயில். நல்லூரில் மணி பிசகாது என்பதால் இப்படித் திட்டம் போட முடிகிறது. பூசை எப்போது, சுவாமி எப்போது வெளியே வருவார் என்று நம்பி வெளிக்கிடலாம். எனக்குப் பிடித்த வழியும் இதுதான். ஆனால் கோயிலால் நேரே வீட்டுக்கு வருகிற ஆக்களுக்குத்தான் இது சரிவரும். ஐஸ்கிறீம், காப்புக்கடை என்று சுற்றி ஒன்பதரைக்கு வந்த பிள்ளையை ஐந்துக்கு எழுப்புவது பாவம். எட்டாம் வகுப்பு மகள் ஒருநாள் விஞ்ஞானக் கொப்பியில் கன்னத்தை வைத்தே நித்திரையாகிவிட்டாள். அதன் பிறகு ஒன்றுவிட்ட நாள் கோயில், எட்டு மணிக்கு வீடு என்று மாற்றினோம். ஓடியது.

பள்ளி விட்டு வந்து சாப்பிட்ட கையோடு வீட்டுவேலையை முடித்தால் விடியவும் எழும்பத் தேவையில்லை என்பீர்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தைத்தான் ரியூசன் வைத்திருக்கிறதே! எங்கள் வீட்டுவேலைக்குப் போட்டி திருவிழா இல்லை, ரியூசன் என்று எனக்குப் பிடிபட்டதும் அப்போதுதான். நேரத்தை மாற்றலாமோ என்று ஒரு சேரிடம் கேட்டேன். "மற்றப் பிள்ளையள் எல்லாம் வருகினந்தானே அம்மா" என்றார். இரண்டு பாடத்தைத் திருவிழா முடியும் வரை நிறுத்தினேன். தவணைச் சோதனையில் புள்ளி குறையவில்லை. கூடவும் இல்லை.

இதெல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற எங்களுக்கு. பருத்தித்துறையில் இருக்கிற என் தங்கச்சிக்கு விடியக்கணக்கும் சரிவராது, ஒன்றுவிட்ட நாளும் சரிவராது. பஸ்ஸிலேயே பாதிப் பின்னேரம் போய்விடும். அவள் முன்கூட்டியே இரண்டு நாளைக் குறித்து, அந்த இரண்டு நாளுக்கும் கொப்பியைத் தொடவிடாமல் பிள்ளைகளைக் கூட்டி வருவாள். அவளுக்கு அதுதான் சரி. ஆனால் நல்லூர் முடிகிற கையோடு அவள் பக்கத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் கொடி ஏறிவிடும். எங்கள் ஒழுங்கை ஓய்கிற நேரத்தில்தான் அவள் வீட்டில் வாக்குவாதம் தொடங்கும்.