உட்லண்ட்ஸ் – ஜொகூர் பாரு தெப்ராவ் ரயில்: முதியவர்களுடன் எல்லை கடப்போருக்கு ஏற்ற சேவை

சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும்; ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலையிலோ பள்ளி விடுமுறை தொடங்கும் நாளிலோ அதைப் பேருந்தில் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முழங்கால் வலியுள்ள என் தாயாருடன் அடிக்கடி அக்கரைக்குச் சென்று வருபவன் என்ற முறையில், மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம் 2015 முதல் நடத்திவரும் தெப்ராவ் ரயிலையே நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

பயணம் ஏறத்தாழ ஐந்து நிமிடம்தான். ஆனால் இச்சேவையின் உண்மையான சிறப்பு வேகத்தில் இல்லை. பேருந்தில் செல்பவர் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பைகளோடு இறங்கி, குடிநுழைவுச் சோதனையை முடித்து, மீண்டும் வரிசையில் நின்று பேருந்தேறி, மறுகரையில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் அதே சடங்கை இன்னொரு முறை செய்யவேண்டும். ரயில் பயணியோ சிங்கப்பூர், மலேசியா ஆகிய இரு நாட்டுச் சோதனைகளையும் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியிலேயே அடுத்தடுத்து முடித்துவிடுவதால், ஜொகூர் பாரு ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரலில் இறங்கியதும் நேராக வெளியே நடந்துவிடலாம். தமக்கென ஓர் இருக்கை இருக்கிறது, நடுவழியில் இறங்கி ஏறவேண்டியதில்லை என்பதே முதியவர்களுக்குப் பெரிய நிம்மதி.

திரும்பும் வழியில் இந்த வசதி இல்லை. மலேசியச் சோதனை ஜேபி சென்ட்ரலிலும் சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸிலும் நடப்பதால், ஒரு வண்டிப் பயணிகள் அனைவரும் ஒரே நேரத்தில் சோதனை முகப்புகளுக்கு வந்து சேர்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டருக்கு அமையும் ஆர்டிஎஸ் எனும் புதிய எல்லை தாண்டும் ரயிலில், இரு திசைகளிலுமே புறப்படும் இடத்தில் இரு சோதனைகளும் முடிந்துவிடும். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றிச் செல்லும் அதன் திறனைவிட இந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

தெப்ராவ் ரயிலின் கட்டணம் உட்லண்ட்ஸிலிருந்து 5 சிங்கப்பூர் வெள்ளி, ஜொகூர் பாருவிலிருந்து 5 ரிங்கிட். எண் ஒன்றாக இருந்தாலும், நாணய மதிப்பு வேறுபடுவதால் போகும் வழியில் நாம் மூன்று மடங்குக்கு மேல் செலுத்துகிறோம். பேருந்தோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான், ஆயினும் அம்மாவுக்கு மிச்சமாகும் படிக்கட்டுகளை எண்ணும்போது எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை. ரயில் சோதனைச்சாவடி எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி அமையாததால் மார்சிலிங்கிலிருந்தோ கிராஞ்சியிலிருந்தோ பேருந்து பிடித்து வரவேண்டியிருப்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஒரு வண்டியில் சுமார் 320 இருக்கைகளே உள்ளதால் வார இறுதிச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும். முன்பதிவின்போது கடப்பிதழ் விவரங்களைப் பிழையின்றி நிரப்புங்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் உறவினர்கள் உடன் வந்தால், மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அவர்கள் பூர்த்திசெய்துவிட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஞாயிறு மாலை திரும்பும் சீட்டு கிடைப்பதே அரிது என்பதால், நான் முதலில் அதை எடுத்துவிட்டு, அது கைக்கு வந்த பிறகே போகும் சீட்டைத் தேடுகிறேன்.