மீட்டர் தங்கம், ஆப்தான் தலைவலி: கையடக்க பிரிக்ஸ் மீட்டர் விமர்சனம்

காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத் தோப்புகளில் தோத்தாபுரி மாம்பழம் எடுத்துக் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு அனுப்புகிறேன். ஏற்றுமதிக் கூழுக்கு தோத்தாபுரி என்றால் குறைந்தது 14 பிரிக்ஸ் (சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு) இருக்க வேண்டும், அல்போன்சாவுக்கு 16. இனிப்பு அந்த அளவுக்கு ஏறிவிட்டதா என்பதில்தான் தோப்புக்காரருக்கும் எங்களுக்கும் வருடா வருடம் தகராறு. அதற்காகவே இந்த சீசனுக்கு டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். ஆப்பில் கணக்கு ஏறும் என்று போட்டிருந்ததால் சாதா மாடலை விட்டுவிட்டு, கூடுதல் விலை கொடுத்து புளூடூத் மாடலை எடுத்தேன்.

மீட்டரில் குறையே இல்லை. துணியில் வடித்த சாறு இரண்டு சொட்டு விட்டு பட்டனை அழுத்தினால் சில நொடியில் எண் வந்துவிடுகிறது. காலையில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஜீரோ செய்தால் போதும். வெயிலில் சாறு சூடானாலும் அதற்குத் தகுந்தபடி அதுவே திருத்திக் காட்டுகிறது. ஆலை லேபில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒத்துப்போனது.

ஆப் கதை வேறு. பெட்டியில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பிளே ஸ்டோர் திறக்கவில்லை, நேராக ஏபிகே ஃபைல் (ஸ்டோர் இல்லாமல் நாமே இன்ஸ்டால் செய்யும் ஆப் ஃபைல்) இறங்குகிறது. இன்ஸ்டால் செய்யப் போனால் என் ஆண்ட்ராய்டு 14 போன் முடியாது என்றுவிட்டது. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளுக்கென்று எழுதிய ஆப்களை 14 உள்ளேயே விடாது. ஆண்ட்ராய்டு 6 வந்ததே 2015-இல்! புதுப் பெட்டியில் இவ்வளவு பழைய ஆப்பை வைத்து விற்க எப்படி மனம் வருகிறது? கஸ்டமர் கேருக்கு எழுதினால், 'போனை அப்டேட் செய்யுங்கள்' என்று பதில். போன் புதுசாக இருப்பதுதானே ஐயா பிரச்சினை! திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மீட்டர் வேலை செய்கிறது, அதனால் எடுக்க முடியாது என்றுவிட்டார்கள்.

கடைசியில் தம்பியின் பழைய போனில் ஏற்றினோம். அப்போதும் காண்டாக்ட், எஸ்எம்எஸ் என்று எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கேட்டது. இதைக் கொடுப்பேன், அதைக் கொடுக்க மாட்டேன் என்று பிரிக்கவும் வழியில்லை. சாறு அளக்கிற ஆப்புக்கு என் ஊர்க்காரர்கள் நம்பர் எதற்கு? சிம்மைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் அனுமதித்தேன்.

ஆனால் இணைந்த பிறகு பாருங்கள், நான் கேட்ட வேலை அப்படியே நடந்தது. ஒவ்வொரு சாம்பிளும் தேதி, நேரத்தோடு வரிசையாக ஏறியது. வண்டி நம்பரையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளலாம். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் தோப்புக்காரர் மறுபேச்சு பேசவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. நல்ல கருவியைச் செய்யத் தெரிந்தவர்கள் ஆப்பை அநாதையாக விட்டிருக்கிறார்கள்.

மீட்டருக்கு ஐந்துக்கு ஐந்து, ஆப்புக்கு ஒன்று. புளூடூத் மாடல் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் ஆப்பின் பெயரைக் கேட்டு, உங்கள் போன் பிளே ஸ்டோரில் அது வருகிறதா, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். வரவில்லை என்றால் சாதா மாடலே போதும்.