டிஸ்க்குகளை இடம் மாற்றியபின் கணினி எழவில்லை: பழையபடி மாட்டுவதா, பழுது பார்ப்பதா, புதிதாக நிறுவுவதா?

மூன்று டிஸ்க்குகள் இருந்த என் கணினியிலிருந்து பத்து வருடப் பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினேன். விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில். படங்களும் ஆவணங்களும் இருப்பது 2 டிபி டிஸ்க்கில். பழையதைக் காலி செய்து மாதக்கணக்காகிவிட்டது. அதன் இடத்தில் 4 டிபி டிஸ்க் ஒன்றை மாட்டி, கேபிள்களை ஒழுங்காகக் கட்டி, மூடியைப் பொருத்திவிட்டு பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. கருப்புத் திரையின் மேல் ஓரத்தில் ஒற்றை வெள்ளை வரி வந்து நின்றது: பூட் ஆகக்கூடிய டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்.

இந்த வரியைப் பார்த்தவர்கள் போகும் பாதைகள் நான்கு. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) பூட் வரிசையை, அதாவது எந்த டிஸ்க்கிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்ற வரிசையை மாற்றுவது, எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிடுவது, பூட் பகுதியைப் பழுது பார்ப்பது, விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. வெவ்வேறு சமயங்களில் நான்கையும் செய்து பார்த்தவன் நான். மூன்றாவதுதான் என் தேர்வு. அதிலும், விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே பூட் பார்ட்டிஷனை (கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் தனிப் பகுதி) புதிதாக உருவாக்கும் முறை.

முதலில் பயாஸ். இரண்டு நிமிட வேலை என்பதால் இதை யாரும் தவிர்க்க வேண்டியதில்லை. பூட் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, கீழே தள்ளப்பட்டிருந்தால் மேலே ஏற்றிவிடுங்கள். பிரச்சினை அதோடு தீர்ந்துவிடக்கூடும். பெயரே இல்லாவிட்டால் வரிசையை எப்படி மாற்றினாலும் பயனில்லை. டிஸ்க்கே பட்டியலில் தெரியவில்லை என்றால் அது வேறு சங்கதி: கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது எம்.2 எஸ்எஸ்டி (கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் வகை) மாட்டியதால் ஒரு சாட்டா போர்ட் (டிஸ்க்கின் கேபிளைச் செருகும் இடம்) செயலிழந்திருக்கிறது. பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் தாமாகவே அணைந்துவிடும். எவை என்பது கையேட்டில் இருக்கும். டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ் சின்னமும் வருகிறது, அதன்பின் நீலத்திரை என்றால் பயாஸில் சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு (டிஸ்க்குகளைக் கையாளும் இரண்டு முறைகள் இவை) மாறிவிட்டதா என்று பாருங்கள். மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டியவர்களுக்கு இது நேர்வதுண்டு.

என் பட்டியலில் பூட் மேனேஜர் இல்லை. காரணம் பழைய டிஸ்க்கில் இருந்தது. யூஇஎஃப்ஐ என்ற, பழைய பயாஸுக்குப் பின் வந்த முறையில் தொடங்கும் கணினிக்கு, ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதி வேண்டும். ஃபேட்32 வடிவில், பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். கணினி விழித்ததும் முதலில் தேடிப் போவது அங்கேதான். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற தகவல் அதற்குள் இருக்கிறது. விண்டோஸை நிறுவும்போது வேறொரு டிஸ்க்கில் ஏற்கெனவே அப்படி ஒரு பகுதி இருந்தால், நிறுவும் நிரல் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதையே பயன்படுத்திக்கொள்கிறது. எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் நிறுவிய அன்று பழைய ஹார்டு டிஸ்க்கும் மாட்டியே இருந்தது. வீடு எஸ்எஸ்டியில், வாசற்கதவு பழைய டிஸ்க்கில் என்று இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. கதவைத்தான் நான் கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன்.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் கணினி உடனே எழுந்துவிடும். அவசர வேலை கையில் இருப்பவர்கள் அப்படியே செய்யுங்கள், தவறில்லை. ஆனால் அதையே தீர்வாக வைத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. பெட்டிக்குள் இருப்பவற்றில் வயதானது அந்த டிஸ்க்தான். சுழலும் தட்டு, நகரும் முனை, பத்து வருட உழைப்பு. அது ஒருநாள் நின்றுபோனால், எஸ்எஸ்டியில் ஒரு கோப்புகூடக் கெடாமல் இருந்தும் கணினி எழாது.

விண்டோஸின் தானியங்கி ஸ்டார்ட்டப் ரிப்பேரை மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் பழுது பார்க்க இயலவில்லை என்றே சொன்னது. பூட் பார்ட்டிஷன் இருந்து, அதற்குள்ளே கோப்புகள் கெட்டிருந்தால் அது உதவும். இல்லாத பார்ட்டிஷனை அது உருவாக்குவதில்லை. எம்பிஆரைச் சரிசெய்யும் பழைய கட்டளையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அது 512 பைட் கொண்ட முதல் செக்டாரில் பூட் நிரலை வைத்திருந்த பழைய முறைக்கானது. யூஇஎஃப்ஐ வழியில் தொடங்கும் கணினிக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

இனி நான் செய்தது. பழைய டிஸ்க் உயிரோடு இருந்ததால் அதை மறுபடி மாட்டி, கணினியை வழக்கம்போல எழுப்பினேன். இதுதான் மிக வசதியான வழி. யுஎஸ்பி எதுவும் தேவைப்படாது. பழையது செத்துவிட்டது என்றால் வேறொரு கணினியில் விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியைத் தயாரித்து, அதன் பழுதுபார்க்கும் பிரிவிலுள்ள கட்டளைத் திரைக்குப் போக வேண்டும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்: வழக்கமான சி டிரைவ் அங்கே டி அல்லது இ என்று வரலாம். உள்ளே விண்டோஸ் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க் பகுதிகளைக் கையாளும் டிஸ்க்பார்ட்டை ஓட்டினேன். டிஸ்க் பட்டியலில் வலது ஓரத்தில் ஜிபிடி (யூஇஎஃப்ஐக்கு ஏற்ற டிஸ்க் வகை) என்ற பத்தி இருக்கும். எஸ்எஸ்டியின் வரியில் அங்கே ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. குறி இல்லையென்றால் அந்த டிஸ்க் எம்பிஆர் வகை, இந்த முறை அப்படியே பொருந்தாது. பெயரை நம்பாமல் அளவைப் பார்த்து எஸ்எஸ்டியைத் தேர்ந்தேன். இந்த இடத்தில் எண் ஒன்று பிசகினால் பாதிக்கப்படுவது படங்கள் இருக்கும் டிஸ்க் என்பதால், அதன் கேபிள்களை முன்பே கழற்றி வைத்திருந்தேன். சி பகுதியை 300 எம்பி சுருக்கி, கிடைத்த இடத்தில் 260 எம்பிக்கு ஈஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷனை உருவாக்கி, ஃபேட்32 வடிவம் கொடுத்து, எஸ் என்ற எழுத்தை ஒதுக்கினேன். பிறகு டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து, பூட் கோப்புகளை உருவாக்கும் பிசிடிபூட் கட்டளை. அதற்கு மூன்று தகவல்கள் போதும்: விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடம், புதிய பார்ட்டிஷனின் எழுத்து, யூஇஎஃப்ஐ முறை என்ற குறிப்பு. பூட் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரே வரியில் பதில் வந்தது. சில விநாடிகள்தான்.

கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி எழுப்பினேன். இதைக் கட்டாயம் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். அது மாட்டியிருந்தால் கணினி பழைய வழியிலேயே எழுந்துவிட்டு, நாம் செய்தது சரிவந்ததாக நம்ப வைத்துவிடும். பயாஸ் பட்டியலில் எந்தப் பெயரில் வந்தாலும் எஸ்எஸ்டியை முதல் இடத்தில் வையுங்கள். கணினி எழுந்தது.

நான் இந்த வழியை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வேகம் அல்ல. இனிமேல் வரும் பராமரிப்புதான் காரணம். விண்டோஸும் அதன் பூட் பார்ட்டிஷனும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் மற்ற டிஸ்க்குகளை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், மாற்றலாம், போர்ட் மாற்றிச் செருகலாம். காப்புப் பிரதியிலும் இதே கதை. என் எஸ்எஸ்டியை மட்டும் முழுமையாகப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். பூட் பார்ட்டிஷன் வேறு டிஸ்க்கில் இருந்ததால் அந்தப் பிரதியில் அது இல்லை. புதிய எஸ்எஸ்டிக்கு அதை மீட்டிருந்தால் இதே வெள்ளை வரிதான் வந்திருக்கும். இரண்டு வருடமாக மாதந்தோறும் எடுத்த பிரதிகள் அவசரத்துக்கு அரைகுறையாகவே உதவியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பிசிடிபூட் வழக்கமான பூட் கோப்போடு, எந்தக் கணினியும் பொதுவாகத் தேடும் இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிடுகிறது. நாளை மதர்போர்டு பழுதாகி வேறொன்றில் அந்த எஸ்எஸ்டியை மாட்டினாலும், தொடங்குவதற்கு வழி இருக்கும்.

புதிதாக நிறுவுவது கெட்ட வழி என்று சொல்ல மாட்டேன். விண்டோஸே குளறுபடியாக இருந்தால் அதுதான் நல்லது. ஆனால் நிறுவல் அரை மணி நேரம் என்றால், மென்பொருள்களையும் உரிமக் குறியீடுகளையும் அமைப்புகளையும் திரும்பக் கொண்டுவர முன்பொரு முறை எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மற்ற டிஸ்க்குகளைக் கழற்றாமல் நிறுவினால் பூட் பார்ட்டிஷன் மறுபடி வேறொரு டிஸ்க்கில் போய் உட்காரலாம். அப்படி நடந்தால் அந்த இரண்டு நாளும் வீண். நிறுவும்போது ஒரே ஒரு டிஸ்க் மட்டும் இணைப்பில் இருக்கட்டும்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) இயக்கத்தில் இருந்தால் எந்த வழிக்கும் முன்னதாக 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். பூட் அமைப்பு மாறியதும் அது கேட்கக்கூடும்.

லினக்ஸில் இதுபோன்ற சிக்கலை ஒரே ஒருமுறைதான் தீர்த்திருக்கிறேன், அந்த அளவுக்கே இதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பூட் பார்ட்டிஷனில் குறை இல்லை. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கை எஸ்டிபி என்ற பெயரால் குறித்திருந்தேன். போர்ட் மாறியதும் பெயரும் மாறிவிட்டது. கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரைக்குப் போய்விட்டது. பெயருக்குப் பதில், போர்ட் மாறினாலும் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதியதும் சரியானது.

சென்ற வாரம் தம்பி தன் கணினியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுக்கப் போவதாகச் சொன்னான். ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கச் சொன்னேன். ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய கட்டம் எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டேன். எடுக்கவிருந்த டிஸ்க்கின் வரிசையில் இருந்தது. முதலில் பிசிடிபூட்டை ஓட்டிவிட்டுப் பிறகு மூடியைத் திறந்தோம்.