குறிச்சிக் குளக்கரை நடைபாதை: காலை ஆறு மணிக்கே போங்க

கோவை உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் தாண்டி பொள்ளாச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் குறிச்சிக் குளம், நொய்யல் தண்ணீரில் நிறைகிற குளம்தான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரையைச் சீராக்கி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்துகளையே கோர்த்துச் செய்த திருவள்ளுவர் சிலைதான் இங்கே எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடம், ஆனால் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், எழுத்துகளுக்கு நடுவே வானம் தெரியும். என் பொண்ணு தன் பேரின் முதல் எழுத்தைத் தேடி அங்கேயே பத்து நிமிஷம் நின்றுவிட்டாள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பறவைகள். நாமக்கோழி, மடையான், தாழைக்கோழி எல்லாம் சாதாரணமாகக் கண்ணில் படும். போன ஞாயிறு ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்து, கல் மேல் ஏறி, இரண்டு இறக்கையையும் துணி காயப்போட்ட மாதிரி விரித்து உட்கார்ந்தது. அதன் இறகின் அமைப்பு அப்படி, ஓரங்களில் தண்ணீர் புகுந்து நனைந்துவிடும், அதனால்தான் முங்குவது அதற்குச் சுலபம், வெளியே வந்தால் வெயில் வேண்டும்.

குறை என்றால் ஆகாயத்தாமரையும், கரையோரம் ஒதுங்கும் பிளாஸ்டிக்கும்தான். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. பொரி, பிஸ்கட் எதையும் தண்ணீரில் போடாதீர்கள், ப்ளீஸ். சாயங்காலம் கூட்டமும் வண்டிச் சத்தமும் அதிகம், பறவை பார்க்க அது நேரமில்லை. காலையில் தொப்பி, தண்ணீர் பாட்டில், முடிந்தால் பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும்.